ஓடைக்கரை கேட்டில் போனை எடுத்தது யார்?

“நம்பர் குடுத்தாச்சுல்லக்கா, பெறகு என்ன...”

“நான் எங்க சார் குடுத்தேன், போனே அடிக்கல...”

“நாப்பத்தேழு. மூணு முப்பத்தாறுக்கு. எழுதி வச்சிருக்கேன்...”

“போனே அடிக்கலங்கேன், நீங்க நாப்பத்தேழுங்கீங்க...”

“அப்ப யாரு எடுத்தது? ஆம்பளக் குரலு. ஒங்க வீட்டுக்காரரு வந்திருக்காரோன்னு நெனச்சேன்.”

“அவரு திருப்பூர்ல இருக்காரு சார். இந்த ரூம்புல நானும் ஒரு பல்லியும்தான் இருக்கோம்.”

போனுக்குள் காற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது...

சண்டையைப் பாதியில் ஆரம்பித்தால் யாருக்கு என்ன புரியும் என்று எதிரே உட்கார்ந்திருக்கிற ஏஞ்சல் முறைக்கிறாள். சரி. முதலிலிருந்தே வருகிறேன். நம் வண்டிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. பிளாட்பாரத்தில் நம்மையும் அந்தச் செவலை நாயையும் விட்டால் யாருமில்லை. பைகளை நடுவில் போட்டுவிட்டுக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கிறானே கோமதிசங்கர், அவனுடைய அத்தை மகள் மாரிசெல்விக்கு நடந்தது இது. கடை நிறையப் போன் தொங்குகிறது. அத்தை மகள் மட்டும் போனைக் கையால் தொடமாட்டாள். அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இவனுக்கு அடித்து, இவன் சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும். ஏன் என்று ஒருநாள் கேட்டதற்குத்தான் அவன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இதைச் சொன்னான்.

நேரம், விடிகாலை மூன்றரை தாண்டி. இடம், இந்த ஸ்டேஷனிலிருந்து தண்டவாளத்தோடு வடக்கே நடந்தால் அரை மணி நேரத்தில் வருகிற ஓடைக்கரை கேட். தார் ரோடு பாதியில் முடிந்து மண் ரோடாகிவிடும். இரண்டு பக்கமும் முள் மண்டிய உடைமரம். பகலில் பால் வண்டியும் பள்ளிக்கூட வேனும் போகும். ராத்திரியில் நரி போகும். கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு மேஜை, ஒரு போன், ஒரு தண்ணீர்க் குடம். அங்கே கேட் கீப்பர் வேலை பார்த்தாள் மாரிசெல்வி. அவளுக்கு முன்னால், மீட்டர்கேஜ் காலத்தில், அதே கேட்டில் வேலை பார்த்தவர் அவளைப் பெற்ற அய்யா மூக்காண்டி.

அந்தக் காலத்து ஸ்டேஷன் வேறு. அதோ பிளாட்பாரத்தின் கடைசியில் கூரையில்லாமல் ஒரு சுவர் நிற்கிறதே, அதுதான் கூட்ஸ் ஷெட். பருத்திப் பொதி, வத்தல் மூட்டை, தறியிலிருந்து இறங்கிய துண்டுக் கட்டு, எல்லாம் அங்கேதான் ஏறும். விடிகாலை வண்டிக்குப் பூக்கூடை வரும். ஈரச்சாக்குப் போட்டு மூடிய பிச்சிப்பூ. அந்த வாசமும் எஞ்சின் கக்குகிற கரிப்புகையும் சேர்ந்து ஒரு நெடி அடிக்கும். அதைச் சொல்ல வார்த்தை கிடையாது, முகர்ந்தவர்களுக்குத் தெரியும். பிறகு அகலப் பாதை போட்டார்கள். பழைய தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். ஷெட்டின் தகரத்தை யாரோ ஏலத்தில் எடுத்துப் போனார்கள். கம்பத்துக்குக் கம்பம் ஓடிய பழைய போன் கம்பியையும் அறுத்துச் சுருட்டிவிட்டார்கள். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்... கம்பியே இல்லை.

இப்போது அந்த நம்பர் விஷயம்.

ஓடைக்கரை கேட் சிக்னலோடு சேராத கேட். கேட் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று சிக்னலுக்குத் தெரியாது. மனுஷன் வாயால் சொன்னால்தான் உண்டு. வண்டி வரப்போகிறது என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுக்குப் போன் பண்ணி, மூடு என்பார். கேட் கீப்பர் போய் இரண்டு பக்கமும் மூடிப் பூட்டிவிட்டு வந்து ஒரு நம்பர் சொல்ல வேண்டும். அதற்கென்று அச்சடித்த தாள் ஒன்று உண்டு. வரிசையில்லாமல் இரண்டிரண்டு இலக்கமாக இருக்கும். மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அடித்துக்கொண்டே வரவேண்டும். அந்தத் தாளைக் கேட் கீப்பரைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது. பெட்டியில் பூட்டு, சாவி இடுப்பில். அந்த நம்பரைச் சொல்லிவிட்டால், மூடிவிட்டேன் என்று கற்பூரத்தில் அடித்துச் சொன்ன மாதிரி. ஸ்டேஷன் மாஸ்டர் அதை எழுதிக்கொண்டு வண்டியை விட்டுவிடுவார்.

மார்கழிக் குளிரில் படுத்த இடத்திலிருந்தே நம்பரைச் சொல்லிவிட்டுப் பிறகு எழுந்துபோய் மூடுகிற ஆட்களும் உண்டு. மாரிசெல்வி அந்த ரகமில்லை. அவள் அப்படி இருக்க முடியாது. ஏனென்றால் அப்படிச் செய்தார் என்றுதான் அவள் அய்யாவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சரி, நாற்பத்தேழு ராத்திரிக்கு வருகிறேன்.

அன்றைக்கு அவள் முழித்துத்தான் இருந்தாள். தூக்குவாளியைக் கழுவ வெளியே வந்தவளுக்கு ஒரு நெடி. கரிப்புகை. இந்நேரத்தில் எவன் கரிமூட்டம் போடுகிறான் என்று தெற்கே திரும்பிப் பார்த்தால்... வளைவில் வெளிச்சம். வண்டி. கேட் திறந்து கிடக்கிறது. கிழக்கே மண் ரோட்டில் பால் வேன் ஆடி ஆடி வருகிறது.

வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். கேட்டை இறக்குகிற கைப்பிடியை அவள் சுற்றிய சுற்றில் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. கேட் மரம் பால் வேனின் கண்ணாடியை ஒடித்துக்கொண்டுதான் இறங்கியது. வேன் நின்றது. அதன் மூக்குக்கு முன்னால் கூட்ஸ் வண்டியின் நாற்பத்திரண்டு பெட்டியும் தடதடவென்று போனது. போன பிறகு வேன்காரன் பல் தந்தியடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம்தான் அவள் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினாள். நாம் ஆரம்பத்தில் கேட்ட சண்டை அதுதான். எதிரே பேசியவன் பிரவின்ராஜ். புது ஸ்டேஷன் மாஸ்டர், இருபத்தாறு வயசு, நாகர்கோவில் பக்கத்துப் பையன்.

தாளை எடுக்கப் போனாள். பெட்டி பூட்டியபடி இருந்தது. சாவி இடுப்பில். அடிக்க வேண்டிய அடுத்த நம்பர் நாற்பத்தேழு.

காலையில் டூட்டி முடிந்து ஸ்டேஷனுக்கு வந்தாள். பிரவின்ராஜ் முகம் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். இப்போதெல்லாம் கேட்டோடு பேசுகிற பேச்சு பதிவாகிவிடும். அவன் அதைப் போட்டுக் காட்டினான். அவன் குரல்தான். ‘கேட்டை மூடுங்கக்கா.’ பிறகு சும்மா ஒரு இரைச்சல்... மழை பெய்கிற மாதிரி. பிறகு அவன் சிரிப்பு. ‘நாப்பத்தேழு. சரி அண்ணாச்சி.’ நடுவில் வேறு குரலே இல்லை.

“எனக்குக் கேட்டிச்சுக்கா,” என்றான் அவன். “என் அம்மா மேல சத்தியமா கேட்டிச்சு. வயசான குரலுகூட இல்ல, முப்பது வயசு இருக்கும். ‘கேட் மூடியாச்சு எசமான்’னாரு. என்ன யாரும் எசமான்னு கூப்பிட்டதில்லையா... சிரிச்சிட்டேன். அதான் நல்லா ஞாபகம் இருக்கு.”

“யார்ட்டயும் சொல்லாதீங்க சார்.”

“சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். எனக்கு என்ன கிறுக்கா?”

வீட்டுக்கு வந்தாள். அவள் அம்மா தங்கத்தாய் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். அறுபது தாண்டிய பொம்பளை. தலையில் பூ வைத்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. புருஷன் போனதால் விட்ட பூ இல்லை அது. புருஷன் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருந்தபோதே, எண்பத்தேழாம் வருஷத் தை மாசத்திலேயே விட்ட பூ.

மாரிசெல்வி நடந்ததைச் சொன்னாள். எசமான் என்ற இடம் வந்ததும் தங்கத்தாயின் கை நின்றுவிட்டது. கஞ்சி அடுப்பில் வழிந்து உஸ்ஸென்றது.

“திரும்பச் சொல்லுட்டி. எப்படிச் சொன்னாராம்?”

“கேட் மூடியாச்சு எசமான்னு.”

“ஒங்க அய்யா அப்படித்தான் சொல்லுவாவ.”

“எம்மா, சும்மா இரு.”

“நான் என்னத்துக்குச் சும்மா இருக்கணும்? முப்பத்தேழு வருஷமா சும்மாதான இருக்கேன். போன் அடிக்கலன்னு இன்னைக்கு நீ சொல்லுத. அன்னைக்கு ஒங்க அய்யாவும் அதைத்தான் சொன்னாவ. கேட்டுக்கு நான் சோறுதான் கொண்டுபோனேன், போனைத் தொடலன்னு நான் சொன்னேன். எவன் நம்புனான்?”

“பொம்பளக் குரலுன்னு விசாரணைத் தாள்ல எழுதியிருக்கே.”

“பொம்பளக் குரலுன்னுதான எழுதியிருக்கு. தங்கத்தாய் குரலுன்னா எழுதியிருக்கு?”

“அந்தக் கேட்டுல வேற பொம்பள யாரு எம்மா இருந்தா?”

தங்கத்தாய் கட்டிலுக்கடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தாள். அதற்குள் ஒரு பழைய தாள், கரித்தாள் வைத்து எழுதிய நகல், மடித்த இடமெல்லாம் கிழிந்தது. அந்தக் காலத்து ஸ்டேஷன் மாஸ்டர் சுந்தரராஜ் விசாரணையில் எழுதிக்கொடுத்த வாக்குமூலம். மாரிசெல்விக்கு அது மனப்பாடம். சின்னப் பிள்ளையாக எழுத்துக் கூட்டிப் படித்ததே அதில்தான். நீங்களும் ஒருதரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘விடிகாலை மூன்று முப்பத்தாறுக்கு நான் கேட்டை அழைத்தேன். போனை எடுத்தது ஒரு பெண். கேட் மூடியாகிவிட்டது என்று சொல்லி 62 என்று நம்பர் கொடுத்தார். நான் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டு கூட்ஸ் வண்டியை அனுப்பினேன். பிறகுதான் உறைத்தது. மூக்காண்டி எங்கே, பேசுவது யார் என்று கேட்டேன். பதில் இல்லை.’

மூக்காண்டியின் தாளில் அடுத்த நம்பர் அறுபத்திரண்டு. சாவி அவர் அரைஞாண் கயிற்றில். அன்றைக்குக் கேட் திறந்துதான் கிடந்தது. பூக்கூடை ஏற்றிக்கொண்டு இந்த ஸ்டேஷனுக்கு வந்த மாட்டு வண்டியை கூட்ஸ் அடித்துவிட்டது. வண்டிக்காரர் நல்லகண்ணு, அவர் சம்சாரம், ஒரு மாடு. இன்னொரு மாடு நுகத்தடியோடு ஓடிப்போய் ஓடையில் நின்றதாம். விடிய விடிய அதன் கழுத்து மணி கேட்டுக்கொண்டே இருந்ததாம். தண்டவாளம் முழுக்கப் பிச்சிப்பூ.

பெண்டாட்டியைப் போன் எடுக்கவிட்டு மூக்காண்டி படுத்துத் தூங்கினார் என்று முடிவு கட்டினார்கள். வேலை போயிற்று. அதைவிட ஒன்று நடந்தது. மூக்காண்டியே அதை நம்பிவிட்டார். தான் போனை எடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அப்படியானால் எடுத்தது யார்? சோறு கொண்டுவந்தவள்தான். பதினெட்டு வருஷம் அவள் கையால் சோறு வாங்கித் தின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. சாகிற அன்றைக்குத் தண்ணீர் கேட்டதும் மகளிடம்தான்.

“ஏட்டி,” என்றாள் தங்கத்தாய். “அவியதான் நம்பல. சரி. நீயும் நம்பலேல்லா?”

மாரிசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவே பதில்.

“ஒண்ணு சொல்லுதேன் கேளு. அதுக்கு முன்னால ஒரு நாள் ராத்திரி ஒங்க அய்யாவுக்குப் போன் வந்திருக்கு. கேட்டை மூடிட்டு நம்பர் குடுத்திருக்காவ. விடியிற மட்டும் வண்டியே வரல. காலையில போய்க் கேட்டா, நான் கூப்பிடவே இல்லையேன்னாராம் சுந்தரராஜ் சார். எவனோ சின்னப்பய குரலு, என்னய அண்ணாச்சிங்கான், நான் எசமான்னதும் சிரிச்சான்னு வந்து சொன்னாவ. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சது அதான் கடைசி.”

“என்னைக்கு அது?”

“எனக்கு நாளு மறக்குமா? அதுலருந்து ஒம்பதாம் நாளு பூ வண்டி.”

ஒன்பதாம் நாள்...

மாரிசெல்வி விரல் விட்டு எண்ணினாள். அய்யாவுக்கு வந்த அந்த வெறும் போனும், நேற்று தனக்கு வராத போனும் ஏதோ ஒன்றுக்கொன்று உறவு என்று மட்டும் அவளுக்குப் பட்டது. அதற்கு மேல் புத்தி ஓடவில்லை. ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. ஒன்பதாம் ராத்திரி தன் கேட்டில் போன் அடிக்காது. வேறு எதுவோ நம்பர் கொடுத்துவிடும். கேட் திறந்து கிடக்கும். வேலையும் போகும், யாராவது சாவார்கள், அய்யாவைச் சொன்ன வாய் நாளைக்குத் தன்னையும் சொல்லும்.

அந்த ராத்திரிக்கு டூட்டி மாற்றிக்கொள்ளலாமென்று அடுத்த ஷிப்டு இசக்கித்துரையிடம் போய்க் கேட்டாள்.

“அன்னைக்கு எம்புள்ளைக்குக் காதுகுத்து. நீயும் வரணும்லா, மொய்யோட,” என்றான் அவன். அதோடு அந்த வழி அடைந்தது.

எட்டு நாளும் அவளுக்குத் தூக்கமில்லை. நின்றால் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். சோற்றில் கை வைத்தபடி தண்டவாளச் சத்தம் கேட்பாள். செல்போன் அடித்தால் துள்ளுவாள். தாளை எடுத்து எடுத்துப் பார்த்தாள். அறுபத்திரண்டு இருக்கிறதா? மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, விரலை வைத்து ஓட்டினாள். இல்லை. அந்தத் தாளில் அறுபத்திரண்டே இல்லை. அதுதான் அவளுக்கிருந்த ஒரே தைரியம்.

ஒன்பதாம் ராத்திரி தூக்குவாளியோடு அவள் கிளம்பியபோது தங்கத்தாய் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

“நானும் வாரேன்.”

“கேட்டுல வேற ஆள் இருக்கக் கூடாது எம்மா. அய்யா வேலை எதனால போச்சு?”

“அதனாலதான் வாரேன். என் கை போனுக்குப் போகுதான்னு நீ கண்ணால பாரு. எனக்கு அது போதும்.”

இரண்டு பேரும் அந்த மண் ரோட்டில் நடந்தார்கள். டார்ச் வெளிச்சம் முன்னால் ஆடிக்கொண்டு போயிற்று.

பத்து மணிக்குப் பிரவின்ராஜ் போன் பண்ணினான். ஒழுங்காகத்தான் அடித்தது. “யக்கா, மூணரை வாக்குல ஒரு ஸ்பெஷல் இருக்கு. நான் கூப்பிடுதேன்.”

“கூப்பிடுங்க சார். கட்டாயம் கூப்பிடுங்க. நான் எடுக்கலன்னா வண்டிய விட்டுராதீங்க.”

“யக்கா, ஒங்கள விட எனக்குத்தான் பயம்.”

இரண்டு மணிக்கெல்லாம் அவள் கேட்டை மூடிவிட்டாள். இரண்டு பக்கமும் பூட்டு. போன் அடிக்கட்டும், அடிக்காமல் போகட்டும். எவன் நம்பர் கொடுத்தால் என்ன, இன்றைக்கு இந்தக் கேட் திறக்காது. வெளிச்சத்தில் நின்று பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தவள் மறுபடியும் போய் இழுத்தாள்.

இரண்டே முக்காலுக்கு ஒரு மீன் வண்டி வந்து நின்றது. கடையநல்லூர் சேக் மைதீன். வாரம் மூன்று நாள் அந்த வழியாகப் போகிறவன்.

“யக்கா, ரயிலு எங்கன வருது?”

“மூணரைக்கு.”

“அதுக்கு முக்கா மணி நேரம் முந்தியே பூட்டிட்டீங்களா? மாப்பிள்ள அடுத்த வருசம் வருதாம்னு இப்பமே பந்தல் போட்ட கதையால்லா இருக்கு. ஐஸ் உருகுது யக்கா. மீனெல்லாம் எழுந்திரிச்சு நடக்கப் போகுது.”

“அடுத்த கேட்டுல சுரங்கப்பாலம் இருக்கு. அங்கன போங்க.”

“அதுல இடுப்பளவு தண்ணி நிக்கி. மீன அதுலயே விட்டுட்டுப் போயிரவா?”

என்ன சொல்லியும் அவள் அசையவில்லை. அவன் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான். சிவப்பு வெளிச்சம் உடைமரத்துக்குள் போய் மறைந்தது. அவனை அனுப்பியிருக்க வேண்டாமோ என்று அப்புறம் அவளுக்குத் தோன்றியது. அவ்வளவு அமைதி.

தங்கத்தாய் வாசலுக்கு அருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். போன் இருந்த மேஜை நாலு எட்டு தள்ளி. தன் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். மரத்துப்போயிருக்கும். எடுக்கவில்லை.

மூன்று இருபது.

மூன்று முப்பது.

முதலில் நெடி வந்தது. கரிப்புகை. மாரிசெல்வி மூக்கைச் சுளித்தாள். அதற்குப் பின்னால், அதற்குள்ளேயே... ஈரச்சாக்கு வாசம். பிச்சிப்பூ. கூடை கூடையாக.

தங்கத்தாய்க்கும் அது வந்துவிட்டது. முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு சத்தம். கிழக்கே மண் ரோட்டில், வெகு தூரத்தில். ஜல்... ஜல்... ஒரு சீராக, அவசரமில்லாமல். இரட்டை மாட்டு வண்டியின் கழுத்து மணி.

“இந்தப் பக்கம் இப்பம் மாடு யாருட்டி வச்சிருக்கா?” என்றாள் தங்கத்தாய்.

“யாரு வச்சிருந்தா என்ன எம்மா. கேட் பூட்டிக் கெடக்கு. வந்து நிக்கட்டும்.”

டார்ச்சை அடித்தாள். ரோடு வெறுமனே கிடந்தது. மணிச் சத்தம் மட்டும் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்தைந்து. இப்போது போன் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால்... அடிக்காவிட்டால் என்னவென்று அவளுக்குத் தெரியும். போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடி. அடித்துத் தொலை.

அடித்தது.

அவளுக்குப் போன உயிர் வந்தது. கோமதிசங்கரிடம் அவள் சொன்னபோது அந்த இடத்தில் சிரித்தாளாம். ஒன்பது நாள் கழித்து அப்போதுதான் மூச்சே விட்டேன் என்றாளாம். வழக்கமாக அந்தப் போன் கீக்கீ என்று கோழிக்குஞ்சு மாதிரி கத்தும். அன்றைக்கு... ணிங்... ணிங்... என்று, கைப்பிடியைச் சுற்றி அடிக்கிற பழைய மணி மாதிரி அடித்தது. தங்கத்தாய் சட்டென்று நிமிர்ந்தாள். மாரிசெல்வி அதைக் கவனிக்கவில்லை. அடித்துவிட்டது. தனக்குத்தான் அடித்திருக்கிறது. வேறு எதுவும் எடுக்கவில்லை. அது போதும் அவளுக்கு.

ஒரே எட்டில் போய் எடுத்தாள்.

இரைச்சல். மழை பெய்கிற மாதிரி. அதற்கு அப்பால் யாரோ, “கேட்டு... கேட்டு... வண்டி வருது, மூடியாச்சா?” என்றார்கள்.

வாசல் வழியே எட்டிப் பார்த்தாள். இரண்டு கேட்டும் கிடந்தபடி கிடந்தன. பூட்டு மின்னியது. தாளைப் பிரித்தாள். அடுத்த நம்பரின் மேல் விரலை வைத்தாள். பதினேழு. அறுபத்திரண்டு இல்லை. பதினேழு. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் கை இரண்டும் தொடைக்கடியில்தான் இருந்தன. முப்பத்தேழு வருஷம் நான் உன்னை நம்பாமல் போனேனே என்று அந்த நிமிஷத்தில் அவளுக்கு உறைத்தது. இந்த வேலை முடியட்டும், காலில் விழுந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

“கேட் மூடியாச்சு சார்,” என்றாள். திருத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக. “பதி-னேழு.”

எதிர்ப்பக்கம் பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம் கேட்டது. வெளியே மணிச் சத்தம் கேட்டுக்கு நேராக வந்துவிட்டது. அது நிற்கவில்லை. பூட்டிய கேட்டைத் தாண்டி, தண்டவாளத்தின் மேல், ஜல்... ஜல்... என்று ஏறிக்கொண்டிருந்தது. தெற்கே ஒரு ஊதல் சத்தம் எழுந்தது. மின்சார வண்டியின் ஊதல் இல்லை அது. தங்கத்தாய் தொடைக்கடியிலிருந்து கையை உருவி, மகளின் கையிலிருக்கும் போனைப் பிடுங்குவதற்காகத் தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள்.

போனில் இரைச்சல் சுத்தமாக நின்றது. பிரவின்ராஜின் குரல் இல்லை அது. வயசான, பொறுமையான, வெற்றிலை அடக்கிய ஒரு குரல்.

“அறுபத்திரண்டு. சரி... வண்டிய விட்டுட்டேன். ஆமா, மூக்காண்டி எங்க? நீ யாரு தாயி பேசுதது?”